டெல்டாவில் கார் இன்சூரன்ஸ்: எங்கே குறைக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது கடைசி வரியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும்தான். அதை வைத்து ஏஜென்டிடம் பேரம் பேசி ஐந்நூறு, ஆயிரம் குறைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் பெரிய தள்ளுபடி உங்கள் பெயரில் ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருக்கிறது. அதைத் தெரியாமல் இழப்பதால் போகும் பணம், பேரத்தில் மிஞ்சுவதைவிட அதிகம்.

பிரீமியத்தைப் பிரித்துப் பாருங்கள்

பாலிசியில் இரண்டு பெரிய பகுதிகள். ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது உங்கள் காரால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது. இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில், சொந்தக் காருக்கு 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியும் இதில் தனியாகக் குறைக்க முடியாது. எலெக்ட்ரிக் காருக்கு 15 சதவீதமும் ஹைபிரிட் காருக்கு 7.5 சதவீதமும் இந்தப் பட்டியலிலேயே கழிவு உண்டு. அதைத் தவிர ‘தேர்ட் பார்ட்டியில் பாதி விலை’ என்று யாராவது சொன்னால் போலி பாலிசியாக இருக்கலாம், ஒதுங்கிவிடுங்கள்.

இன்னொன்று உங்கள் காரின் சேதத்துக்கான பகுதி, ஓன் டேமேஜ். தள்ளுபடி எல்லாம் இங்கேதான். இரண்டையும் கூட்டி அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

ஒரு கணக்கு போடுவோம். கும்பகோணத்தில் பதிவான 1,197 சிசி கார், ஐந்து வயதுக்குள், ஐடிவி (பாலிசியில் காருக்குப் போடும் மதிப்பு) 5,00,000 ரூபாய். பழைய டாரிஃப் (முன்பு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த கட்டணப் பட்டியல்) விகிதப்படி நம் பகுதிக்கு 3.191 சதவீதம். அதாவது 15,955 ரூபாய். கம்பெனி தன் பங்குக்கு 60 சதவீதம் குறைத்தால் 6,382. உங்களுக்கு 50 சதவீத என்சிபி (க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டியதற்கான தள்ளுபடி) இருந்தால் 3,191. தேர்ட் பார்ட்டி 3,416 சேர்த்து 6,607. ஜிஎஸ்டியோடு 7,796. என்சிபி இல்லாதவர் இதே காருக்குக் கட்டுவது 11,562. கீழே வருகிற கணக்கெல்லாம் இந்தக் காரை வைத்துத்தான்.

என்சிபி: உங்கள் சொத்து, காருடையது அல்ல

ஒரு வருஷம் க்ளெய்ம் எடுக்காமல் ஓட்டினால் அடுத்த புதுப்பிப்பில் ஓன் டேமேஜில் 20 சதவீதம் குறையும். அப்படியே தொடர்ந்தால் 25, 35, 45, ஐந்தாவது வருஷம் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரு க்ளெய்ம் எடுத்தால் பூஜ்யத்துக்குப் போய் மறுபடி 20-லிருந்து தொடங்க வேண்டும்.

இது கைவிட்டுப் போவதற்குப் பொதுவாக நான்கு காரணங்கள்.

முதலாவது, தேதி. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் என்சிபி பிழைக்கும். நவம்பர் 28-ல் முடிந்த பாலிசி என்றால் பிப்ரவரி 26 வரை. ஆனால் அந்த இடைப்பட்ட நாட்களில் காருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. புதுப்பிக்கும்போது காரைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பவோ ஆளை வரவழைத்துக் காட்டவோ சொல்வார்கள். மழைக்காலத்தில் பாலிசி விடுபடுவதுதான் டெல்டாவில் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் முடியும் பாலிசியை ஒரு மாதம் முன்னரே புதுப்பித்துவிடுங்கள். முன்கூட்டிக் கட்டினாலும் புது பாலிசி பழையது முடிந்த நொடியிலிருந்துதான் தொடங்கும். நாள் எதுவும் வீணாகாது.

இதில் புதுக் கார்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புதிய காருக்கு தேர்ட் பார்ட்டி மூன்று வருஷத்துக்குச் சேர்த்துப் போடப்படும். ஓன் டேமேஜ் பகுதி பெரும்பாலும் ஒரே வருஷம்தான். பாலிசித் தாளில் மூன்று வருஷத் தேதியைப் பார்த்து ‘இன்னும் காலம் இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறார்கள். தாளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும். இரண்டையும் வட்டமிட்டு வையுங்கள்.

இரண்டாவது, காரை மாற்றுவது. பழைய காரை விற்றுப் புதிது எடுக்கும்போது ஷோரூமில் புது பாலிசி போடுவார்கள். என்சிபி பற்றி நீங்கள் வாய் திறக்காவிட்டால் அது அப்படியே நின்றுவிடும். செய்ய வேண்டியது: பழைய காரை விற்றதற்கான படிவம் 29 நகல் அல்லது பெயர் மாறிய ஆர்.சி. நகலோடு பழைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி என்சிபி கடிதம் வாங்குங்கள். அது மூன்று வருஷம் செல்லும். 50 சதவீத என்சிபியைப் புதுக் காருக்குக் கொண்டுபோனால் மிச்சம் இன்னும் பெரியது. புதுக் காரின் ஐடிவி அதிகம், ஓன் டேமேஜும் அதிகம் அல்லவா. ஷோரூமிலேயே இன்சூரன்ஸ் போட வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வெளியே விலை கேட்டு, அந்தத் தாளைக் காட்டினால் ஷோரூமே இறங்கி வருவதும் உண்டு.

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். காரை விற்றுவிட்டுப் போகும்போது இந்தக் கடிதத்தை வாங்கிப் பத்திரத்தோடு வைத்துவிட்டுப் போங்கள். மூன்று வருஷத்துக்குள் திரும்பி வந்து கார் எடுத்தால் பயன்படும். வெளிநாட்டில் சொந்தக் கார் வைத்து க்ளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால், அந்தக் கம்பெனியின் சான்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். இங்கே அதைக் கணக்கில் எடுக்க வழி உண்டு.

மூன்றாவது, குடும்பத் தலைவரின் இறப்பு. அப்பா பெயரில் இருந்த கார் அம்மாவுக்கோ பிள்ளைக்கோ வந்தால் என்சிபியும் கூடவே வரும். குடும்பத்தில் என்சிபி வேறொருவருக்குப் போவது இந்த ஒரு வழியில்தான். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாலுகா அலுவலகம் வழியாகக் கிடைக்கும். ஆர்.சி. பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். இறந்தவர் பெயரிலேயே வருஷக்கணக்கில் பாலிசியைப் புதுப்பித்துவிட்டு, விபத்து நடந்த பிறகு தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

பழைய கார் வாங்குகிறவருக்கோ, விற்றவரின் என்சிபி ஒருபோதும் வராது. பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவர் அனுபவித்த என்சிபி தொகையில் மீதிக் காலத்துக்கு உள்ளதை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இதற்குத் தயங்கி மாற்றாமல் ஓட்டினால், இடித்த நாளில் உங்கள் கார் சேதத்துக்குப் பணம் வராது.

நான்காவது, பொய். போன வருஷம் க்ளெய்ம் எடுத்துவிட்டு, கம்பெனியை மாற்றி, ‘எடுக்கவில்லை’ என்று டிக் அடிப்பது. ஏஜென்டே இதைச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. புதிய கம்பெனி பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்க்கும். பிடிபட்டால் ஓன் டேமேஜ் க்ளெய்ம் மொத்தமாகப் போகும். விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் உறுதிமொழி உங்களுடையது.

சின்ன அடிக்கு க்ளெய்ம் எடுக்கலாமா?

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையப் பக்கம் நெரிசலில் பின் பம்பர் இடிபட்டது என்று வைத்துக்கொள்வோம். பில் 9,000 ரூபாய்: பம்பர் 4,500, பெயின்ட் 3,200, கூலி 1,300.

சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதித் தேய்மானம். ஆகவே பம்பருக்கு 2,250-தான். பெயின்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள். 3,200-ல் 400 போய் 2,800. கூலி முழுதாக 1,300. மொத்தம் 6,350. இதில் 1,500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 5,350.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்ன? 50 சதவீத என்சிபியில் இருப்பவர் க்ளெய்ம் எடுத்தால், வரும் புதுப்பிப்புகளில் 50-க்குப் பதில் 0, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவார். இழப்பைக் கூட்டினால் 50, 30, 25, 15, 5. மொத்தம் ஒரு வருஷ ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 125 சதவீதம். நம் உதாரணக் காருக்கு 6,382-ல் 125 சதவீதம் 7,978. ஜிஎஸ்டியோடு சுமார் 9,400. வருஷா வருஷம் ஐடிவி இறங்குவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். அப்படியும் 5,350 வாங்குவதற்காக அதைவிட அதிகமாக இழக்கிறீர்கள். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் பாதுகாப்பு) இருந்து 8,000 கிடைத்தாலும் லாபம் என்று சொல்ல முடியாது.

இதே கணக்கு இப்போது உங்கள் பாலிசியில் என்ன என்சிபி இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். புதுக் கார், என்சிபி எதுவும் இல்லை என்றால் இழப்பு 50 சதவீதம். 20-ல் இருந்தால் 80, 25-ல் இருந்தால் 105, 35-ல் இருந்தால் 120, அதற்கு மேல் 125. உங்கள் பாலிசியில் என்சிபி கழிப்பதற்கு முந்தைய ஓன் டேமேஜ் தொகையை இதனால் பெருக்கி, 18 சதவீதம் சேருங்கள். அதற்குக் குறைவாகக் கைக்கு வரும் க்ளெய்மை எடுக்காதீர்கள். இந்த ஒரு எண்ணை எழுதி ஆர்.சி. நகலோடு காரில் வைத்துக்கொண்டால், இடித்த பதற்றத்தில் தப்பான முடிவு வராது.

ஒர்க்‌ஷாப்பில் ‘க்ளெய்ம் போட்டுடலாம் சார்’ என்று உடனே போன் செய்துவிடுவார்கள். க்ளெய்ம் பதிவாகி, பிறகு தொகை சின்னது என்று தெரிந்தால், வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, க்ளெய்ம் முடிக்கப்பட்டது என்ற பதிலை மெயிலில் வாங்குங்கள். நிலுவையில் நிற்கும் க்ளெய்மும் என்சிபியைத் தடுக்கும்.

மாறாக, இந்த வருஷம் ஏற்கெனவே ஒரு க்ளெய்ம் எடுத்துவிட்டீர்கள் என்றால் என்சிபி போனது போனதுதான். அதே பாலிசி வருஷத்தில் இரண்டாவது அடிக்குத் தயங்க வேண்டாம். ஜீரோ டெப்பில் வருஷத்துக்கு எத்தனை க்ளெய்ம் என்ற வரம்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்சிபி பாதுகாப்பு என்று ஒரு ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) விற்கிறார்கள். க்ளெய்ம் எடுத்தாலும் என்சிபி போகாமல் காப்பது இது. என்சிபி 45, 50-ல் இருக்கும்போது விலை சில நூறுக்குள் இருந்தால் எடுக்கலாம். 20-ல் இருப்பவருக்குத் தேவையில்லை.

பிடித்தத்தை நீங்களே உயர்த்திக்கொள்வது

‘க்ளெய்மில் முதல் இத்தனை ரூபாயை நானே ஏற்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டால் பிரீமியம் குறையும். பழைய டாரிஃப்படி 2,500 ரூபாய்க்கு 20 சதவீதம், அதிகபட்சம் 750. 5,000-க்கு 25 சதவீதம், அதிகபட்சம் 1,500. 7,500-க்கு 30 சதவீதம், அதிகபட்சம் 2,000. 15,000-க்கு 35 சதவீதம், அதிகபட்சம் 2,500. கம்பெனிக்குக் கம்பெனி இப்போது எண்கள் மாறலாம், அமைப்பு இதுதான். கட்டாயப் பிடித்தமான 1,000 இதற்கு மேல் தனி.

சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், உச்சவரம்பைப் பாருங்கள். என்சிபி இதற்குப் பிறகுதான் கழிக்கப்படும் என்பதால், 50 சதவீத என்சிபி உள்ளவருக்கு 750 என்பது 375 ஆகிவிடும், ஜிஎஸ்டியோடு 442. ஒரு பெரிய க்ளெய்மில் 2,500 விட்டுக்கொடுக்க, கிட்டத்தட்ட ஆறு வருஷச் சேமிப்பு வேண்டும். என்சிபி இல்லாதவருக்கோ வருஷம் 885 மிச்சம், மூன்று வருஷத்துக்குள் ஈடாகிவிடும். ஆகவே என்சிபி குறைவாக உள்ளவர் 2,500-ஐ எடுக்கலாம். 15,000 யாருக்கும் நல்லதல்ல.

ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்ற பிரீமியம்

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதற்கு வழிவிட்டது. வருஷத்துக்கு 2,500, 5,000, 7,500 கிலோமீட்டர் என்பது போல ஒரு வரம்பைத் தேர்ந்தெடுத்து, அதற்கேற்பக் குறைந்த ஓன் டேமேஜ் கட்டணம் கட்டுவது. டெல்டாவில் பல வீடுகளில் கார் முகூர்த்தத்துக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் வெளியே வருகிறது. அவர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த திட்டம்.

எடுக்கும் முன் உத்தேசமாகச் சொல்லாமல், கடைசி இரண்டு சர்வீஸ் பில்களில் உள்ள ஓடோமீட்டர் எண்ணைக் கழித்துப் பாருங்கள். கும்பகோணத்திலிருந்து வாரம் ஒருமுறை தஞ்சாவூர் போய்வந்தால் தடவைக்குச் சுமார் 80 கிலோமீட்டர், வருஷம் 4,160. 5,000 வரம்புக்குள் அடங்குவதுபோல் தோன்றும். மதுரைக்கும் சென்னைக்கும் போகும் இரண்டு கல்யாணங்களைச் சேர்த்தால் தாண்டிவிடும். ஆகவே 7,500. தினமும் அதே தூரம் வேலைக்குப் போகிறவர் மாதம் 25 நாள் கணக்கில் 24,000-ஐத் தொடுவார். அவருக்கு இந்தத் திட்டம் வேண்டாம்.

பாலிசி தொடங்கும் நாளில் ஓடோமீட்டரைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்று முன்பே கேளுங்கள். சிலர் கூடுதல் கிலோமீட்டர் வாங்கவிடுவார்கள், சிலர் க்ளெய்மில் பிடிப்பார்கள்.

சின்னச் சின்னக் கழிவுகள்

மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைக்கப்பட்டு, அது ஆர்.சி.யில் பதிவாகியிருக்கும் காருக்கு ஓன் டேமேஜில் 50 சதவீதம். இது பெரிது. தகுதி உள்ள பலர் கேட்பதே இல்லை, கட்டாயம் கேளுங்கள். வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏஆர்ஏஐ அங்கீகரித்த திருட்டுத் தடுப்புக் கருவிக்கு டாரிஃப்படி 2.5 சதவீதம், அதிகபட்சம் 500. நம் உதாரணத்தில் 160 ரூபாய்தான். இதற்காகக் கருவி வாங்க வேண்டாம், இருந்தால் சான்றிதழைக் காட்டுங்கள். தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர்களுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 200.

உரிமையாளருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒருவருக்கு ஒன்று போதும். பைக்குக்கு ஏற்கெனவே போட்டிருந்தாலோ, அதே அளவுக்குத் தனி விபத்து பாலிசி இருந்தாலோ காரில் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள். கார் கம்பெனியே சாலையோர உதவி தருகிற காலம் வரை அந்த ஆட்-ஆனுக்கும் பணம் கட்ட வேண்டாம்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

ஐடிவி. ‘கொஞ்சம் குறைச்சுப் போட்டா பிரீமியம் குறையும்’ என்பார்கள். நம் காரில் ஐடிவியை 5,00,000-லிருந்து 4,25,000 ஆக்கினால் மிச்சமாவது ஜிஎஸ்டியோடு 565 ரூபாய். கார் திருடு போனாலோ, பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டி முழு இழப்பானாலோ குறைவது 75,000 ரூபாய்.

ஓன் டேமேஜையே விட்டுவிட்டு தேர்ட் பார்ட்டி மட்டும் போடுவது இந்த மண்ணில் சூதாட்டம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. புயலில் மரம் விழுந்து கார் நசுங்கினால் பணம் தருவது ஓன் டேமேஜ் பகுதிதான், தேர்ட் பார்ட்டியில் ஒரு ரூபாய் வராது. ரொம்பப் பழைய கார், ஐடிவி லட்சத்துக்குள் வந்துவிட்டது என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன். வடகிழக்குப் பருவமழையில் வாய்க்கால் உடைத்துத் தெருவுக்குத் தண்ணீர் வருவது நமக்குப் புதிதல்ல. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போது காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வர இடமின்றி கனெக்டிங் ராடு வளையும். இதைச் சாதாரண பாலிசி ‘பின்விளைவு’ என்று ஒதுக்கிவிடும். ஆகவே தள்ளுபடிக்காக எதை நீக்கினாலும் இதை நீக்காதீர்கள். ஆட்-ஆன் இருந்தாலும் சாவியைத் திருகாதீர்கள். தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று படமெடுங்கள், எட்டினால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வண்டியைத் தூக்கிச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

அறுவடை முடிந்ததும் வயல் எலி காருக்குள் குடியேறி ஒயரைக் கடிக்கும். அதற்குப் பணம் உண்டா என்பது பாலிசி வாசகத்தைப் பொறுத்தது. வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள்.

வெள்ளை போர்டில் வாடகை ஓட்டுவது. டி-போர்டு (வாடகை வண்டி) பிரீமியம் அதிகம் என்று ஓன் போர்டு காரிலேயே வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாறுக்கும் நவக்கிரகக் கோயில்களுக்கும் ஆள் ஏற்றுகிறார்கள். விபத்தில் பயணி ஒருவர் ‘வாடகை பேசி வந்தோம்’ என்று சொன்னால் போதும், ஓன் டேமேஜ் க்ளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். காயம்பட்டவருக்கான இழப்பீட்டைக் கம்பெனி கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கவும் வழியுண்டு. வெளியே பொருத்திய சிஎன்ஜி கிட்டை மறைப்பதும் இதே வகைதான். ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றிவிடுங்கள்.

விலை கேட்பதும் பாலிசியைச் சரிபார்ப்பதும்

முடிவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு, மூன்று நான்கு கம்பெனிகளில் ஒரே ஐடிவி, ஒரே ஆட்-ஆன், ஒரே பிடித்தம் சொல்லி விலை வாங்குங்கள். இவை ஒன்றாக இல்லாவிட்டால் ஒப்பீடே தப்பு. பழைய கம்பெனி அனுப்பும் புதுப்பிப்பு நோட்டீஸ்தான் மலிவு என்று நினைக்காதீர்கள். அடுத்தவர் தந்த விலைத் தாளைக் காட்டி, ஓன் டேமேஜ் தள்ளுபடியை உயர்த்தக் கேளுங்கள். ஏஜென்ட் தன் கமிஷனிலிருந்து ரொக்கமாகத் திருப்பித் தருவது 1938-ம் வருஷ இன்சூரன்ஸ் சட்டம் 41-ம் பிரிவின்படி குற்றம். அதைக் கேட்காதீர்கள்.

விலை ஒத்து வந்தாலும், கையிலிருந்து முழுப் பணம் கட்டாமல் கம்பெனி நேரடியாகத் தீர்க்கும் (கேஷ்லெஸ்) ஒர்க்‌ஷாப் உங்கள் ஊருக்கு அருகில் எங்கே என்று பாருங்கள். மன்னார்குடிக்காரருக்கு திருச்சியில்தான் என்றால், வண்டியைத் தூக்கிப்போகும் செலவு தள்ளுபடியைத் தின்றுவிடும்.

பாலிசி வந்த அன்றே படியுங்கள்: பெயர், பதிவு எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், சிசி, என்சிபி சதவீதம், ஐடிவி, ஆட்-ஆன் பட்டியல், இரண்டு முடிவுத் தேதிகள். சில நாளில் அரசின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டிக்கு இன்சூரன்ஸ் விவரம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தப்பு இருந்தால் உடனே மெயில் அனுப்பித் திருத்துங்கள், விபத்துக்குப் பிறகு யாரும் திருத்த மாட்டார்கள்.

என்சிபி கடிதம் தராமல் இழுத்தடித்தாலோ, தள்ளுபடியைத் தவறாகக் கழித்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். அதன் பிறகு ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசா, அல்லது 155255 என்ற எண். அங்கும் தீராவிட்டால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). தமிழ்நாட்டோடு காரைக்காலும் அவர் வரம்புக்குள்தான். அங்கே புகார் கொடுக்கக் கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை.